எக்ஸ்கே8: செயின் இருந்தால் மட்டும் போதாது

பழைய ஜாகுவார் எக்ஸ்கே8 கூப்பே காரில் டைமிங் பெல்ட் (இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) இல்லை, செயின்தான்; ஆகவே வாங்கும்போது அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம் என்று சிலர் சொல்வதுண்டு. செயின் என்பது சரி. பார்க்க வேண்டாம் என்பது சரியல்ல, மன்னிக்கவும்.

1996-இல் வந்த 4.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினில் இரண்டு பக்க சிலிண்டர் ஹெட்டிலும், வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான கேம்ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன செயின் டென்ஷனர், அதாவது செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம், உண்டு. ஆரம்ப வருடங்களில் அதன் உடல் பிளாஸ்டிக். சூட்டிலும் வயதிலும் அது விரிசல் விட்டுப் பிளக்கும். செயின் தளர்ந்து பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதும். குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்பதெல்லாம் இதற்குக் காப்பு இல்லை.

சரிபார்ப்பது எளிது. இன்ஜின் எண்ணின் முதல் ஆறு இலக்கம் தயாரித்த தேதி: 990312 என்றால் 1999 மார்ச் 12. உலோக உடல் டென்ஷனர் 2001 ஆகஸ்ட் வாக்கில்தான் வந்தது. அதற்கு முந்தைய இன்ஜின் என்றால், டென்ஷனர் மாற்றிய பில்லை விற்பவரிடம் கேளுங்கள். "மாத்தியாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. பில் இல்லையா? கேம் கவரை (கேம்ஷாஃப்ட்டுகளின் மேல்மூடியை) கழற்றி, முன்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை அல்லது ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தெரிந்தால் பழையது. அலுமினியம் தெரிந்தால் மாற்றியது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு. மூடும்போது புது கேஸ்கெட் (ஆயில் கசியாமல் தடுக்கும் அடைப்பு) போடுங்கள்.