கோபுரத்துக்கு காசு இருக்கு, உபதேசியாருக்கு இல்ல

எங்க ஊரு கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, புது கோபுரம் கட்டப்போறாங்க. பிளான் போட்டோ வாட்ஸப் குரூப்ல வந்தாச்சு. மூணு அடுக்கு, உச்சில எல்.இ.டி சிலுவை, ராத்திரி தேரிக்கு (செம்மண் மேட்டுக்கு) அந்தப்பக்கம் இருந்தே தெரியுமாம். சென்னைல இருக்கவங்க, மும்பைல கடை வச்சிருக்கவங்க, துபாய் மஸ்கட்ல இருக்கவங்கன்னு ஆளாளுக்கு ஒரு தொகைய சொல்லி கைகூப்புற எமோஜியும் போட்டுட்டு இருக்காங்க. சந்தோஷம் தான். ஆனா அதே குரூப்ல ஒரு அண்ணாச்சி "உபதேசியாருக்கு சம்பளம் கூட்டி ரொம்ப வருஷம் ஆச்சே, அதையும் பாக்கலாமே"ன்னு ஒரு மெசேஜ் போட்டாரு, அதுக்கு ஒரு பய ஒரு தம்ஸ்அப் கூட போடல. அடுத்த மெசேஜ் கோபுரத்துக்கு என்ன கலர்னு ஆரம்பிச்சுட்டாங்க. அந்த கடுப்புல தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு விளக்கம். எங்க சாத்தான்குளம் பக்கம், நாசரேத், மெஞ்ஞானபுரம், திசையன்விளை, இடையன்குடி பக்கம் எல்லாம் சி.எஸ்.ஐ (தென்னிந்திய திருச்சபை) கிறிஸ்தவ ஊருங்க நெறைய. பல ஊருங்க சேர்ந்தது ஒரு சேகரம், அதுக்கு ஒரு ஐயர் (பாதிரியார எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்). ஐயர் சேகரத்து தலைமை ஊர்ல இருப்பாரு, எங்கள மாதிரி சின்ன ஊருக்கு நற்கருணை கொடுக்க, கல்யாணம், பெரிய பண்டிகைன்னு வருவாரு, முடிச்சிட்டு அடுத்த ஊருக்கு கெளம்பிருவாரு. அவர குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு இருக்கறது ஒரு உடம்பு. மத்தபடி வருஷம் பூரா அந்த ஊரு சபைய நடத்துறது உபதேசியார் தான்.

நடத்துறதுன்னா என்னன்னு நெனைக்கீங்க? விடியுறதுக்கு முன்னாடி மணி அடிக்கணும். காலை ஜெபம், சாயங்காலம் ஜெபம், நாலு பாட்டியம்மா மட்டும் வந்தாலும் நடத்தணும், யாரும் வரலன்னாலும் லைட்ட போட்டு தனியா உக்காந்து அவரே ஒரு சங்கீதம் வாசிச்சிட்டு தான் பூட்டணும். கோயில் வேலைக்கு இருந்த கோயில்குட்டியார் வயசாகி விட்டுட்டு போன பொறவு பெருக்குறதும் அவரு தான். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், லெந்து கால (தவக்கால) கூட்டம், லீவுல புள்ளைங்களுக்கு வி.பி.எஸ் வகுப்பு, கிறிஸ்மஸ் பவனி. சபை ஆளுங்க கட்டுற சங்க காணிக்கைக்கு ரசீது எழுதணும். கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கணும். மைக் செட் கரகரன்னா அதையும் தட்டி பாக்கணும். ஆடு கோயிலுக்குள்ள போயிட்டா "ஏ உபதேசியாரே"ன்னு தான் கூப்புடுவாங்க. அவரு பையில பைபிள், ஜெபபுத்தகம், பாமாலை, ரசீது புக்கு, அதுக்குள்ள மடிச்சு வச்ச கார்பன் பேப்பர், ஒரு டார்ச் இருக்கும். டார்ச் எதுக்குன்னா கல்லறைத் தோட்டத்துக்கு போற பாதைல லைட்டு கெடையாது.

போன மழைக்கு எங்க தெருவுல ஒரு பெரியம்மா இறந்துட்டாங்க. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். மூத்த மகன் வெளிநாடு, இளையவன் கோயம்புத்தூர், மகள கட்டிக்கொடுத்தது ஓசூர். வீட்ல அந்த பெரியம்மாவோட நாத்தனார் மட்டும். முதல்ல வந்தது உபதேசியார் தான், தலைல ஒரு சாக்க போட்டுட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்ல நனைஞ்சுகிட்டு. அவரு தான் டாக்டர கூப்பிட்டாரு, ஃப்ரீசர் பாக்ஸுக்கு போன் போட்டாரு, கரண்ட் இல்லாததால ஜெனரேட்டருக்கு ஆள் புடிச்சாரு. அப்புறம் கட்டில் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து தொண்ணூறாம் சங்கீதம் வாசிச்சாரு. நடுவுல மகன் வீடியோ கால்ல வந்து ஓன்னு அழுறான், இவரு அந்த போன பெரியம்மா மூஞ்சிக்கு நேரா புடிச்சுகிட்டு, கை நடுங்க நடுங்க, "தம்பி பாருங்க, அம்மா நிம்மதியாத்தான் போயிருக்காங்க, மூஞ்ச பாருங்க"ன்னு சொல்லிகிட்டே நின்னாரு. விடிஞ்சதும் போயி துக்க மணி அடிச்சது அவரு, குழி வெட்ட ஆள் கூப்ட்டது அவரு.

மறுநாள் அடக்க ஆராதனைல முன்வரிசைல யாரு? ஐயர், சேகர கமிட்டி, ரெண்டு அரசியல்வாதி. நம்மாளு பின்னால நின்னு பாட்டு புக்கு கொடுத்துட்டு இருந்தாரு. நன்றி சொன்னவரு எல்லாரு பேரையும் சொன்னாரு, பந்தல் போட்டவரு பேரு வரைக்கும். இவரு பேரு மட்டும் விட்டுப்போச்சு. வேணும்னு விட்டதில்ல, அது தான் இன்னும் மோசம்னு எனக்கு தோணுது.

இப்ப வரலாறுக்கு வருவோம், ஏன்னா கோபுரம் கட்டுறவங்க எல்லாரும் வரலாறு தான் பேசுறாங்க. "மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி, நம்ம ஊருக்கு ஒண்ணும் வேண்டாமா", "வெள்ளக்கார மிஷனரி கால்டுவெல் ஐயர் இடையன்குடி கோயில 33 வருஷம் கட்டி 1880ல பிரதிஷ்டை பண்ணாரு, நாம ஒரு கோபுரம் கட்டமாட்டோமா". சரி. ஆனா இந்த மண்ணுல விசுவாசம் வந்தது கோபுரத்தாலயா? 1785ல பாளையங்கோட்டைல, பிராமண குடும்பத்துல இருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த கிளாரிந்தா அம்மா கட்டுனது ஒரு சின்ன கோயில், இன்னைக்கும் பாப்பாத்தியம்மா கோயில்னு சொல்லுவாங்க. அந்த சபைய கவனிக்க தஞ்சாவூர்ல இருந்து மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அனுப்புனது யார? சத்தியநாதன்னு ஒரு உபதேசியார. 1790ல தான் அவருக்கு குருப்பட்டம் கெடைக்குது, வேலை அதுக்கு முன்னாடியே நடந்துட்டு இருந்துச்சு. எங்க பக்கமே எடுத்துக்கோங்க, தாவீது சுந்தரானந்தம், சாத்தான்குளம் பக்கத்து ஆளு, அவரும் உபதேசியார் தான். புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க அடி ஒதை தாங்க முடியாம தவிச்சப்ப தனியா நெலம் வாங்கி அவங்கள குடியேத்துனதுல முன்னால நின்னவரு. 1799ல அப்படி உண்டானது தான் முதலூர். இன்னைக்கு முதலூர்னா எல்லாருக்கும் மஸ்கோத் அல்வா ஞாபகம் வருது, தாவீது ஞாபகம் வர்றதில்ல. (அல்வா நல்லாத்தான் இருக்கும், அதுல எனக்கு கருத்து வேறுபாடு கெடையாது.)

1820ல பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரும் தனியா ஒரு மனுஷனா எத்தன ஊருக்கு நடப்பாரு? உபதேசியார்கள பழக்கி ஊர் ஊரா உக்கார வச்சாரு. வாரநாள்ல பள்ளிக்கூடம், ஞாயித்துக்கெழம ஆராதனை, ரெண்டும் பல ஊர்ல ஒரே ஆளு. பனையேறி மகன் அ, ஆ எழுத படிச்சது அந்த ஆளுகிட்ட. நம்ம தாத்தாமாரு கவர்மெண்ட் வேலைக்கு போனது, அவங்க புள்ளைங்க நர்ஸா, டீச்சரா, இன்ஜினியரா ஆனது, இப்ப நாம துபாய்ல உக்காந்து கோபுரத்துக்கு காசு அனுப்புறது, எல்லாத்துக்கும் அடில போயி தோண்டுனா ஒரு உபதேசியார் வாத்தியார் ஓலைப்பாயில உக்காந்திருப்பாரு. மிஷனரிங்க படம் நம்ம கோயில் சுவத்துல ஃப்ரேம் போட்டு தொங்குது. நம்ம ஊர்ல இருந்த ஒரு உபதேசியார் படமாவது யாராவது பாத்திருக்கீங்களா?

இப்ப இருக்குறவரு சம்பளம் எவ்ளோன்னு சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு, அதனால சொல்லல. ஒரு கணக்கு மட்டும் சொல்றேன். போன அறுப்பின் பண்டிகைல ஏலம் போட்டாங்கல்ல, மொதல்ல பூசணிக்கா, அப்புறம் வாழத்தாரு, கருப்பட்டி, கடைசியா ஒரு சேவல். ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல போட்டி வந்து ரோஷம் ஏறி அந்த சேவல் வெல எங்கயோ போயிருச்சு, எல்லாரும் கைதட்டி சிரிச்சோம். அந்த சேவல் போன வெல உபதேசியாரோட ஒரு மாச சம்பளத்த விட கூட. அந்த சேவல ஏலத்துல தூக்கி புடிச்சுகிட்டு நின்னதும் அவரு தான்.

அவரு குடியிருக்க வீட்ட பாத்திருக்கீங்களா? கோயிலுக்கு பின்பக்கம், பழைய ஓட்டு வீடு. மழைன்னா மூணு எடத்துல வாளி வைக்கணும். பாத்ரூம் கதவுக்கு கொண்டி போயி கயிறு கட்டியிருக்கு, வயசுக்கு வந்த பொண்ணு இருக்க வீடு. அந்த வீட்டு சொவத்துல இருந்து பத்தடி தள்ளி தான் கோபுரத்துக்கு மண் பரிசோதனை பண்ணாங்க.

இத பேசுனா வர்ற பதில் எனக்கு மனப்பாடம். "அது ஊழியம்லா, சம்பளத்துக்கா வந்தாரு, ஆண்டவர் பாத்துக்கிடுவாரு". இத சொன்னவரு பேங்க்ல ரிட்டையர் ஆனவரு, டி.ஏ அரியர் மூணு மாசம் லேட்டானதுக்கு யூனியன்ல போயி கத்துனவரு. ஆண்டவர் அவருக்கு மட்டும் பேங்க் மூலமா பாத்துக்கிடணும் போல. வேதத்துல "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்"னு இருக்கு, "போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக"ன்னு இருக்கு, மாட்டுக்கு கெடைக்கிற நியாயம் கூட நாம அந்த மனுஷனுக்கு குடுக்கல.

இன்னொரு பதில் வரும், "சம்பளம் போடுறது மேல திருமண்டலத்துல இருக்கவங்க வேலை, ஊருக்கு என்ன". மேல இருக்கவங்களுக்கு எலெக்ஷன் முடிஞ்சா கோர்ட்டு, கோர்ட்டு முடிஞ்சா எலெக்ஷன். அந்த அணி இந்த அணின்னு நம்ம ஊர்லயே அண்ணன் தம்பி பேசாம இருக்காங்க. அவங்க தலைய நிமித்தி ஓட்டு வீட்ட பாக்குறதுக்குள்ள அந்த பொண்ணுக்கு கல்யாணமே ஆயிரும்.

பெந்தெகொஸ்தே சபைக்கு ஆளு போகுதுன்னு வருஷா வருஷம் சபைக்கூட்டத்துல பொலம்புறோம். ஏன் போறாங்கன்னு போனவங்க கிட்ட கேட்டீங்களா? நான் கேட்டேன். எங்க சித்தி ஒருத்தங்க, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் நம்ம கோயில்ல, இப்ப டவுன்ல ஒரு சபைக்கு பஸ் ஏறி போறாங்க. அவங்க கை தட்டுறதுக்காகவோ அந்நிய பாஷைக்காகவோ போகல. "எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப அந்த பாஸ்டர் மூணு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்தாருல, நம்ம ஊர்ல இருந்து யாரு வந்தா?"ன்னு கேட்டாங்க. அப்ப நம்ம ஊருக்கு உபதேசியாரே கெடையாது, இருந்தவரு கட்டுப்படி ஆகாம ஊர விட்டு போயி ஜவுளிக்கடைல பில் போட்டுட்டு இருந்தாரு. இடம் காலியா கெடந்துச்சு, நாம அந்த வருஷம் கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டிட்டு இருந்தோம்.

ஜாதி பத்தியும் ஒரு வார்த்த சொல்லிருதேன், இல்லன்னா யாராவது கமெண்ட்ல வந்து கேப்பாங்க. "எங்க ஊரு கோயில்ல ஜாதி பாக்குறதில்ல"ன்னு நாம பெருமையா சொல்லுவோம். ஊரே ஒரு ஜாதின்னா யார தான் பாக்கது? ஆனா புதுசா ஒரு உபதேசியார போடுறாங்கன்னா மொத கேள்வி "அவரு எந்த ஊரு, யாரு ஆளு". எந்த பைபிள் காலேஜ்ல படிச்சாருன்னு அப்புறம் தான். இத நான் கேட்டிருக்கேன், நீங்களும் கேட்டிருக்கீங்க, மறுக்காதீங்க.

கையில பணம் கம்மியா இருந்த காலத்துல இந்த ஜனங்க என்ன பண்ணாங்கன்னு யோசிச்சு பாருங்க. 1903ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சாங்க. இந்திய ஆளு, இந்திய பணம், இந்திய நிர்வாகம்னு சொல்லி. அத ஆரம்பிச்சதுல முக்கியமானவரு நம்ம வெள்ளாளன்விளைல பொறந்த அசரியா, 1912ல ஆங்கிலிக்கன் சபையோட மொத இந்திய பிஷப் ஆனவரு. தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பி அவன் சாப்பாட்டுக்கும் இங்க இருந்து காசு போச்சு. எங்க பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் கைப்பிடி அரிசி எடுத்து ஒரு மண்கலயத்துல போடும், ஊழியத்துக்குன்னு. தேரில முள்ளு பொறுக்கி அடுப்பெரிச்ச வீடு அது. அந்த அரிசில ஒரு ஊழியக்காரன் சாப்ட்டான், கல்லு வாங்கல.

கோபுரம் வேண்டாம்னு நான் சொல்லல. அசனத்தன்னைக்கு, அதான் சபை விருந்தன்னைக்கு, தூரத்துல இருந்து பாக்கும்போது எனக்கும் ஆசையா தான் இருக்கும். அசனம்னதும் ஞாபகம் வருது, முந்தின ராத்திரி பூரா கத்தரிக்கா வெட்டி, ஆடு உரிச்சு, விடியும்போது அண்டாவுல சோறு வெந்து, பணக்காரன் ஏழைன்னு இல்லாம எல்லாரும் ஒரே பந்தில உக்காந்து, அந்த சாம்பார் வாசம் இருக்கே, அதுக்காகவே பெங்களூர்ல இருந்து லீவு போட்டு வர்றவங்க இருக்காங்க. அந்த ரெண்டு நாளு, அப்புறம் கிறிஸ்மஸ், அவ்ளோ தான் கோயில் நெறையுறது. மத்த நாள்ல அந்த பெஞ்சுல யாரு உக்காருறா? புருஷன இழந்த அம்மாமாரு, மகன் போனுக்கு காத்திருக்க தாத்தாமாரு. அவங்களுக்கு கோபுரத்துல எத்தன அடுக்கு இருந்தா என்ன, மாத்திரை வாங்க கூட வர ஒரு ஆளு, ராத்திரி நெஞ்சு அடைச்சா கதவ தட்ட ஒரு வீடு, அது தான வேணும்.

அதனால நான் கேக்கறது இவ்ளோ தான். மூணு அடுக்க ரெண்டு அடுக்காக்குங்க. அந்த ஒரு அடுக்கு காச பேங்க்ல டெபாசிட் போட்டு, வட்டி மாசாமாசம் உபதேசியார் சம்பளத்தோட சேரட்டும், இவரு போயி வேற ஆளு வந்தாலும் அவருக்கும். கோபுரத்துக்கு மேஸ்திரி வரும்போது அதே ஆள வச்சு அந்த ஓட்டு வீட்டுக்கு மொதல்ல கான்கிரீட் போடுங்க, பாத்ரூமுக்கு ஒரு கதவு போடுங்க. கல்வெட்டுல பேரு வேணும்னா அந்த வீட்டு சொவத்துல கூட பதிச்சுக்கோங்க, யாரு வேண்டாம்னா.

அசனத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம சாயங்கால ஆராதனை முடிஞ்சு சபைக்கூட்டம் இருக்கு. நான் எழுந்திரிச்சு கேக்கப்போறேன், குரூப்ல தம்ஸ்அப் போடாதவங்க அங்க வந்து கையாவது தூக்குங்க. வர்றதுக்கு முன்னாடி சங்க காணிக்கை பாக்கி இருந்தா கட்டி ரசீது வாங்கி வச்சுக்கோங்க, பாக்கி உள்ளவனுக்கு பேச உரிமை இல்லங்கிற சட்டத்த அன்னைக்கு கண்டிப்பா எடுப்பாங்க. ரசீது எங்க கெடைக்கும்னு தெரியும்ல, ஓட்டு வீட்டு கதவ தட்டுங்க.