தாய் எங்கே என்று கேட்டது குற்றமா?

சரி, ஒத்துக்கொள்கிறேன். நம் டர்பன் தமிழ்க் குழுவில் மூன்று நாளாக எல்லாரும் கிண்டலடிக்கும் அந்த 'நாய் கமிட்டி தலைவி' நான்தான். பட்டம் கொடுத்த புண்ணியவானுக்கு நன்றி. தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த டர்பனுக்கு வந்து பதினான்கு வருஷத்தில் யாரும் எனக்கு ஒரு பொன்னாடைகூடப் போர்த்தியதில்லை. இதாவது கிடைத்ததே.

நடந்தது உங்களுக்கே தெரியும்: குழுவில் ஒரு தம்பி கார் டிக்கியில் வைத்து விற்கிறவனிடம் ஒரு நாய்க்குட்டி வாங்கினார், வந்த சில நாளிலேயே அது செத்துப்போனது. திரும்பச் சொல்லி அந்தத் தம்பி வீட்டாரை நோகடிக்க மாட்டேன். அந்த வெள்ளைக் குட்டி போனதில் எனக்குச் சந்தோஷம் என்று யாராவது நினைத்தால் அவர்களிடம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி. "வாங்கும்போது தாயைப் பார்த்தீர்களா?" முதல் நாள், ரிப்பன் கட்டிய படம் வந்தபோதே கேட்டேன். "அக்காவுக்குப் பொறாமை" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். குட்டி போன பிறகு இன்னொரு தடவை கேட்டேன். அது தப்பான நேரம்தான், இருக்கலாம். ஆனால் இழவு வீட்டில் வட்டிக் கணக்கு கேட்கிறவள் என்று எழுதினீர்களே, அது கொஞ்சம் அதிகம்.

எங்கள் அப்பா மணப்பாறைச் சந்தையில் மாடு பிடித்தவர். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்ப்பார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான். கிடேரிக் கன்று வாங்க வேண்டும் என்றால் சந்தைக்கே போக மாட்டார். தாய் நிற்கிற தொழுவத்துக்குப் போவார். எத்தனையாவது ஈத்து, எத்தனை படி கறக்கும், உதைக்குமா, எல்லாம் கேட்டு முடிக்கிற வரைக்கும் கன்றின் பக்கமே திரும்ப மாட்டார். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்று பழமொழி வைத்திருக்கிற கூட்டம் நாம். மாப்பிள்ளை என்றால் அவனுடைய ஒன்றுவிட்ட சித்தப்பா குடிப்பாரா என்பது வரை விசாரிக்கிறோம். பதினைந்து வருஷம் கூடவே கிடக்கப் போகிற ஒரு ஜீவனை மட்டும் மால் பார்க்கிங்கில் கார் டிக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறோம். கேட்டால் 'க்யூட்டா இருந்துச்சு'.

தாயைப் பார் என்று நான் சொல்வது சென்டிமென்ட் கிடையாது. குட்டிக்கு முதல் சில வாரங்களில் இருக்கிற பாதுகாப்பு முழுக்கத் தாயின் சீம்பாலில் வந்தது. தாய்க்கு ஒழுங்காகத் தடுப்பூசி போட்டிருந்தால்தான் அந்தப் பாலில் எதிர்ப்புச் சக்தி இருக்கும். அது குட்டியின் உடம்பில் இருக்கிற வரை போடுகிற ஊசி சரியாகப் பிடிக்காது, அது வடிந்த பிறகுதான் பிடிக்கும். எந்தக் குட்டிக்கு எப்போது வடியும் என்று வெளியே தெரியாது. அதனால்தான் ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து நான்கு மாதம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஆக, 'ஒரு ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை' என்று சொல்கிறவனிடம் வாங்கினால் பயம்தான் மிச்சம். தாயே கண்ணில் படாத குட்டிக்கு அந்த முதல் பாதுகாப்பு இருந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

பார்வோ கிருமி (வாந்தியிலும் கழிச்சலிலும் குட்டிகளைச் சாகடிக்கிறது அதுதான்) உள்ளே போய் மூன்றிலிருந்து ஏழு நாள் கழித்துத்தான் பெரும்பாலும் வேலையைக் காட்டும். வீட்டுக்கு வந்த மறுநாளோ மூன்றாம் நாளோ படுத்தால் அது நம் வீட்டில் தொற்றியது அல்ல, கொண்டுவரும்போதே கூட வந்தது. இதைத்தான் அந்தத் தம்பிக்குச் சொல்ல வந்தேன். நீங்கள் ஏதோ தப்பாக ஊட்டிவிட்டீர்கள் என்று விற்றவன் சொன்னானாமே, அதை நம்பி அவர் வீட்டுப் பெண் அழுகிறாளாமே, அது வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். யார் கேட்டீர்கள்?

'டீக்கப்' என்று ஒரு வார்த்தை, டீக்கோப்பைக்குள் அடங்குகிற நாயாம். நாய் இனங்களைப் பதிவு செய்கிற எந்த கென்னல் கிளப்பிலும் அப்படி ஒரு இனம் கிடையாது. யார்க்‌ஷயர் டெரியர் வளர்ந்து முடித்தால் அதிகபட்சம் 3.2 கிலோ, அதுவே சின்ன நாய்தான். அதற்கும் கீழே ஒரு 'டீக்கப்' என்றால் ஒன்று நோஞ்சான் குட்டி, இல்லை ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று சொல்கிறார்கள். இவ்வளவு சின்ன உடம்பில் நான்கைந்து மணி நேரம் தீனி போகாவிட்டாலே சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். ஈறில் தேன் தடவிக்கொண்டு வெட்டிடம் (கால்நடை டாக்டரிடம்) ஓட வேண்டியதுதான். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்தால் இன்னும் மோசம். இந்த இனங்களுக்கு முழங்கால் சில்லு நழுவுகிற கோளாறும் பரம்பரையாக வரும். தாய்க்கும் தகப்பனுக்கும் கால் பார்த்தாச்சா என்று கேட்டால் நல்ல பிரீடர், அதாவது தாயை வீட்டில் வைத்துக் குட்டி எடுக்கிறவர், காகிதத்தை எடுத்துக் காட்டுவார், டிக்கிக்காரர் போனை வைத்துவிடுவார்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. இந்தக் குட்டை இனங்கள் ஒரு ஈத்துக்கு இரண்டு மூன்று குட்டிதான் போடும், சில சமயம் ஒன்றே ஒன்று. பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பருவத்துக்கு வரும். அப்படியிருக்க, பாமரேனியன், சிவாவா, மால்டீஸ், யார்க்கி எல்லாம் 'இப்போதே ரெடி' என்று வாராவாரம் விளம்பரம் போடுகிறவர் பிரீடர் இல்லை, தரகர். குட்டிகள் எங்கிருந்தோ வருகின்றன. எந்தக் கொட்டகை, எந்தத் தாய், எத்தனையாவது ஈத்து?

நீ என்ன பெரிய வெட்டா என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். இல்லை. நான் ஏமாந்தவள். என் தகுதி அதுதான்.

2016. என்2 நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கராஜ் (இங்கே பெட்ரோல் பங்குக்கு அதுதான் பெயர்). வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவர் டிக்கியைத் திறந்தார். தக்காளிப் பெட்டிக்குள் நீலத் துண்டு, அதன் மேல் இரண்டு குட்டி. தாய் வீட்டில் இருக்கிறது, வீடு தூரம், உங்களுக்கு எதற்கு அலைச்சல் என்றார். எவ்வளவு கரிசனம் பாருங்கள். 2,800 ரேண்ட் எண்ணிக் கொடுத்தேன். மகள் பின் சீட்டிலேயே பொட்டு என்று பெயர் வைத்துவிட்டாள். ஊசி அட்டையை வீட்டுக்கு வந்துதான் விரித்துப் பார்த்தேன். ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பேட்ச் எண் சுரண்டியிருந்தது. வெட் முத்திரை இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆறு வாரத்தில் ரேபிஸ் ஊசி போட்டதாக வேறு எழுதியிருந்தது. இந்த நாட்டில் ரேபிஸ் ஊசி சட்டப்படி கட்டாயம், ஆனால் முதல் ஊசியே மூன்று மாத வயதில்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் பால் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மஞ்சள் நுரையாக வாந்தி. ராத்திரி அந்த வாடை. பார்வோ வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள், இரும்பும் அழுகலும் கலந்த மாதிரி. மூன்று ராத்திரி டிரிப்ஸ். 8,400 ரேண்ட். மூன்றாம் ராத்திரி முடிந்த விடிகாலையில் போன் வந்தது. பக்கத்து வீட்டு ஆயா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கோயில் பாட்டும் சமையல்கட்டு வார்த்தைகளும் தவிரத் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. வேலியோரமாக வந்து நின்று, "பாவம் கண்ணு" என்று மட்டும் சொன்னார். விற்றவரின் போன் அணைத்தே இருந்தது. அடுத்த வாரம் அவருடைய விளம்பரம் மறுபடி வந்தது. வேறு குட்டி, அதே நீலத் துண்டு.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் மிளகு என்கிற குட்டி வந்தாள். கொடுத்தவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு வயதான பிரீடர் அம்மா, வருஷத்துக்கு ஒரு ஈத்து எடுத்தால் அதிகம். போனில் முக்கால் மணி நேரம் அவர்தான் என்னைக் கேள்வி கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கேட் கம்பிக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, நீச்சல் குளத்துக்கு வலை போட்டிருக்கிறதா. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, பெண் கேட்கவா வந்திருக்கிறேன் என்று. ஏழு மாதம் காத்திருக்கச் சொன்னார். போனபோது செருப்பை வாசலில் விடச் சொல்லி, மருந்துத் தண்ணீர்த் தட்டில் காலை நனைக்கச் சொன்னார். தாய் வந்து என் முழங்காலை முகர்ந்து லேசாக உறுமியது. சரியான தாய். பத்து வாரம் முடியாமல் குட்டியைத் தர மாட்டேன் என்றார். தரும்போது தாயின் வாசனை ஏறிய கம்பளித் துண்டு ஒன்று, அதே தீனியில் ஒரு பை, வளர்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிய காகிதம். விலை 9,500.

இப்போது 'காசுக்காரி பேச்சு' என்றவர்களுக்கு. 2,800ஐயும் 8,400ஐயும் கூட்டிப் பாருங்கள். 11,200. நாயும் இல்லை. நான் அந்த 9,500ஐச் சேர்க்க எத்தனை மாதம் ஆனது என்று உங்களுக்குத் தெரியாது. சேர்க்க முடியவில்லை என்றால் அந்த வருஷம் நாய் வேண்டாம், அவ்வளவுதான். யாரும் சாகப் போவதில்லை. வெறுமனே சொல்லவில்லை, உண்மையிலேயே யாரும் சாகாமல் இருப்பார்கள்.

'நாய்க்குமா ஜாதி பார்க்கிறீர்கள்' என்று கேட்ட தோழருக்கு. நான் பேப்பர் கேட்கச் சொல்லவே இல்லை. இங்கே கூசா என்கிற கென்னல் யூனியன் 1891இலிருந்து இருக்கிறது, வம்சாவளிப் பதிவு வைத்திருக்கிறது. அந்தப் பேப்பர் ஜாதகம் மாதிரி. அப்பா யார், அம்மா யார், தாத்தா யார் என்று சொல்லும். முழங்கால் சரியா என்று சொல்லாது. பேப்பர் வைத்துக்கொண்டு அநியாயம் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். தாயைப் பார் என்றுதான் சொன்னேன், கோத்திரத்தைப் பார் என்றா சொன்னேன்?

'எஸ்பிசிஏவில் எடுத்து வளர்க்கலாமே' என்றவர்களுக்கு: தாராளமாக. அந்தப் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் இங்கே டர்பனில் ஸ்பிரிங்ஃபீல்டில்தான் இருக்கிறது, போய் எடுங்கள். அவர்களும் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள்.

'நம்ம ஊரில் வெட்டும் ஊசியும் பார்த்தா நாய் வளர்ந்தது?' என்று கேட்டவருக்கு மட்டும் எனக்கு நிஜமாகவே கோபம். வளர்ந்த நாயைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். எங்கள் தெருவில் ஆறு குட்டி போட்டால் மழைக்காலம் முடியும்போது ஒன்று நிற்கும். மிச்சம் ஐந்தை யார் எண்ணியது? என் அம்மா முறத்தில் எடுத்துக்கொண்டு போய்ப் புதைப்பாள். எங்களைப் பார்க்க விட மாட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொட்டு போனபோது இந்தக் குழுவில் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. கேட்டவர்களிடம் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு தோழிக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னேன். உங்களில் சிலரிடமும் சொல்லியிருக்கிறேன். தாயைப் பார்க்காமலா வாங்கினாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். மாடு பிடிக்கிறவர் மகள், வெட்கமாக இருந்தது. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. 2019இல் அவரும் போய்விட்டார். அன்றைக்கு நான் வாயைத் திறந்து அந்தப் போன் நம்பரையும் நீலத் துண்டையும் பற்றி எழுதியிருந்தால் அதற்கப்புறம் எத்தனை பேர் அந்த டிக்கி முன்னால் நின்றிருக்க மாட்டார்கள்? அதனால்தான் இந்தத் தடவை கேட்டேன். பொறாமையாம்.

தம்பி, இதைப் படிப்பீர்களா என்று தெரியாது, என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறீர்கள். யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள், அதற்கு ஆள் பஞ்சமில்லை. துண்டு, படுக்கை, தட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். தரையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஒரு பங்கு ஜிக்குக்கு (பிளீச்சிங் திரவத்துக்கு) முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள், பத்து நிமிஷம் ஈரம் நிற்கட்டும். டெட்டால் இதற்குப் போதாது. மண்ணில் அந்தக் கிருமி ஒரு வருஷம்கூட இருக்கும், தோட்டத்தில் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இப்போதைக்கு வேறு குட்டி வேண்டாம். மனசு வந்தால், கோபத்தோடேயே கூப்பிடுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஒரு மணி நேரம்தான், வண்டி நான் ஓட்டுகிறேன். அந்த அம்மா உங்கள் வீட்டு கேட் கம்பியின் இடைவெளியைக் கேட்பார், அளந்து வையுங்கள்.