33 டிகிரிதானே என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

மே மாதம் பிறந்தால் போதும், திருநெல்வேலியிலிருந்து மாமா போன் செய்துவிடுவார். "இங்க 39 கொளுத்துது மருமவனே, ஒங்க பம்பாய்ல 33 தான, என்ன கொறச்சல்!" மாமா பாவம், மும்பையில் ஒரு மே மாதம் இருந்து பார்த்ததில்லை, விட்டுவிடலாம். ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்து போனில் 33 என்று பார்த்துவிட்டு, இதற்கெல்லாமா எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்பீர்கள் என்று குடோனில் மூட்டை தூக்குகிற எங்களைக் கேட்கிறாரே மேனேஜர், அவரை என்ன செய்வது?

அந்த 33 காற்றின் சூடு மட்டும்தான். வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது, அது உலர்ந்து ஆவியாகப் போனால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இங்கே கடல்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது வியர்வை எங்கே போய் உலர? சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது, உள்ளே உடம்பு அப்படியே கொதிக்கிறது. 32 டிகிரியோடு 70 சதவீத ஈரப்பதம் சேர்ந்தால் உடம்புக்கு அது 41 போல இருக்கும் என்பது வெப்பக் குறியீட்டுக் கணக்கு. அந்தக் கணக்கும் நிழலில் இருப்பவருக்குத்தான்.

மாமா வீட்டு மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். அதே ஊரில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பானைதான் தாராவியில் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. வெளியெல்லாம் ஈரம் பூத்து நிற்கும், தண்ணீர் மட்டும் வெதுவெதுவென்றே கிடக்கும். கசிகிற ஈரம் உலர்ந்தால்தானே பானை குளிரும்! என் முதுகின் கதையும் அதுதான்.

ராத்திரியாவது விடிவு உண்டா என்றால் அதுவும் இல்லை. மே மாத ராத்திரியிலும் சூடு பெரும்பாலும் 27 டிகிரியை ஒட்டியே நிற்கும், தலைக்கு மேலே பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரை வேறு. அம்மா நாலு மணிக்கு எழுந்து அந்த அறையில்தான் விற்பனைக்கு இட்லி அவிக்கிறாள். கழுத்தைச் சுற்றி வேர்க்குரு சிவந்து புண்ணாகிவிட்டது, முந்தானை பட்டாலே எரிகிறது என்கிறாள். பவுடர் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் சேறு.

சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37 டிகிரியாவது தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே வரும். 33-ல் எங்களை யார் கணக்கில் எடுப்பது? 2023 ஏப்ரல் 16-ல் நவி மும்பை கார்கரில் திறந்தவெளி விழாவுக்குப் போனவர்களில் 14 பேர் வெயில் தாக்கிச் செத்தார்கள். அன்று பதிவானது 38 டிகிரி. திருநெல்வேலிக்காரர் கேட்டால் அதையும் சாதாரண வெயில் என்பார்.

ஜூனில் மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மேனேஜர். மழையில் சூடு கொஞ்சம் தணியும், ஈரம் எங்கே குறையப் போகிறது? குடோனில் காற்று அசையாமல் நிற்பதால் உடம்பைச் சுற்றி ஈரம் தேங்கிவிடுகிறது, அதைத் தள்ளிவிட்டால்தான் வியர்வை கொஞ்சமாவது உலரும். நாங்கள் ஏசி கேட்கவில்லை. ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்கிறோம், மழைக்கு முன்னாலேயே கேட்கிறோம்.