கூல்டுக்கு வீடு, ஜேம்ஸ் சகோதரர்களுக்குத் தடை

ஆர்தர் கூல்ட் விவகாரத்தை வேல்ஸ் ரக்பி ரசிகர்கள் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மக்கள் காசு போட்டுத் தங்கள் நாயகனுக்கு வீடு வாங்கிக் கொடுத்தார்கள், ரக்பி விதிகளைக் கவனிக்கும் சர்வதேச வாரியத்துப் பெரிய மனிதர்கள் குறுக்கே நின்றார்கள், வேல்ஸ் முறைத்துக்கொண்டு வெளியே போய்க் கடைசியில் ஜெயித்தது. எனக்கு இந்தக் கதை பாதிதான் செரிக்கிறது.

முதலில் ஆளைப் பற்றி. 1864ல் நியூபோர்ட்டில் பிறந்தவர். அப்பா ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்து பித்தளை வார்ப்புப் பட்டறை வைத்தவர். ஆமாம், வேல்ஸின் முதல் ரக்பி நட்சத்திரம் ஆங்கிலேயரின் மகன்! சின்ன வயதில் எதைக் கண்டாலும் ஏறிவிடுவாராம், அதனால் 'மங்கி' என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 1882ல் பதினெட்டு வயதில் நியூபோர்ட் அணிக்கு ஃபுல்பேக்காக, அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளராக இறங்கினார். அந்தக் காலத்தில் ஃபுல்பேக் கைக்குப் பந்து வந்தால் உதைத்துவிட வேண்டும். கேப்டன் "உதை, உதை" என்று கத்தக் கத்த இவர் பந்தோடு ஓடி, எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்து, இரண்டு ட்ரை போட்டார். அதன் பிறகு அவரை யார் உட்கார வைப்பது?

அவர் ஆட்டத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் 1893 ஜனவரி 7ஐக் கேட்பேன். கார்டிஃப், எதிரே இங்கிலாந்து. மைதானம் உறைந்து கல்லாகக் கிடந்தது. முந்தைய இரவு முழுக்க நூற்றுக்கணக்கான நெருப்புச் சட்டிகளை வைத்துத் தரையை இளக்கினார்கள். இடைவேளையில் இங்கிலாந்து 7–0 என்று முன்னே இருந்தது. கேப்டன் கூல்ட் தானே இரண்டு ட்ரை போட்டார். கடைசிக் கட்டத்தில் 9–11, வேல்ஸுக்கு ஒரு பெனால்டி. பந்தைத் தரையில் வைத்து உதைக்கச் சொன்னார் கூல்ட். பில்லி பேன்கிராஃப்ட் கேட்கவில்லை, கையிலிருந்து விட்டு டிராப் கிக் அடித்தார். கேப்டன் பேச்சைக் கேட்காதவனால் 12–11! அந்த வருடம் ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் வென்று வேல்ஸ் முதல் முறையாக டிரிபிள் கிரவுனைப் பிடித்தது, அதாவது மற்ற மூன்று நாடுகளையும் ஒரே பருவத்தில் வென்ற பெருமையை. அயர்லாந்து ஆட்டத்தின் ஒரே ட்ரை கூல்டின் தம்பி பெர்ட் போட்டது.

இனி விவகாரம். 1896ல் கூல்டுக்காக மக்களிடம் ஷில்லிங் ஷில்லிங்காக நிதி திரட்டினார்கள். வேல்ஸ் சங்கமும் பணம் போட்டது. ஆட்டக்காரர் பணம் வாங்கக் கூடாது என்பது அன்றைய ரக்பி விதி. இது சம்பளம் கொடுப்பதற்குச் சமம் என்று சர்வதேச வாரியம் குதித்தது. வேல்ஸ் வாரியத்தை விட்டே விலகியது. 1897 ஏப்ரலில் நியூபோர்ட்டில் பெரிய விருந்து வைத்து, வீட்டுப் பத்திரத்தைச் சங்கத் தலைவரே கூல்ட் கையில் கொடுத்தார். அடுத்த வருடம் ஸ்காட்லாந்து வேல்ஸோடு ஆட மறுத்தது.

வாரியத்தின் போலித்தனத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1895ல் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு ஒரு நாளிதழ் இதே ஷில்லிங் நிதியைத் திரட்டியது. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அவர் டாக்டர், கனவான், சம்பளத்துக்கு ஆடாத அமெச்சூர்! கிரிக்கெட் உலகம் கைதட்டியது. ரக்பியில் வீடு என்றால் மட்டும் கசந்ததா?

ஆனால் இங்கிலாந்து சங்கம் கூல்ட் விஷயத்தில் இறங்கி வந்ததற்குக் காரணம் நியாய உணர்ச்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1895ல்தான் இங்கிலாந்தின் வடக்குப் பகுதி கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியே பிரிந்திருந்தன. சனிக்கிழமை ஆட வந்து கூலியை இழக்கும் தொழிலாளிக்கு ஆறு ஷில்லிங் ஈடு கொடுங்கள் என்று கேட்டு, கிடைக்காமல் போனவர்கள். வேல்ஸ் கிளப்புகளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற பயம் இங்கிலாந்து சங்கத்துக்கு. 1898ல் வேல்ஸ் வாரியத்துக்குத் திரும்பியது. நிபந்தனை, கூல்ட் இனி வேல்ஸுக்கு ஆடக் கூடாது. அவர் 1897 ஜனவரியிலேயே இங்கிலாந்தை 11–0 என்று வென்று, தன் கடைசி சர்வதேச ஆட்டத்தை முடித்திருந்தார். அவருக்கு என்ன நஷ்டம்?

என் வயிற்றெரிச்சல் ஸ்வான்சீயின் டேவிட், இவான் ஜேம்ஸ் சகோதரர்களை நினைத்து. செம்பு ஆலைத் தொழிலாளிகள், முன்வரிசையிலிருந்து பந்தை வாங்கிப் பின்வரிசைக்குக் கொடுக்கும் அருமையான ஹாஃப்பேக் ஜோடி. 1892ல் பிராட்டன் ரேஞ்சர்ஸ் கிளப்புக்காக இங்கிலாந்தின் வடக்கே போனார்கள். பணத்துக்கு ஆடினார்கள் என்று தடை விழுந்தது, 1896ல்தான் நீங்கியது. 1899ல் திரும்ப வந்து இங்கிலாந்தை 26–3 என்று நொறுக்கிய அணியில் இருந்தார்கள். அந்த மாதமே மறுபடி வடக்கே போய்விட்டார்கள். வேல்ஸ் ரக்பியில் அவர்களுக்கு அத்தோடு சரி.

கூல்டின் நிலை வேறு. பொதுப்பணி ஒப்பந்த வேலை, அண்ணனோடு மேற்கிந்தியத் தீவுகள் வரை போய்ச் செய்த தொழில், ஓட்டப் பந்தயப் பரிசுகள். சனிக்கிழமைக் கூலி போனால் அடுப்பு அணையும் வீடு இல்லை அது.

கூல்டைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வேல்ஸுக்கு 27 ஆட்டம், அதில் 18 ஆட்டத்தில் கேப்டன். அந்தக் கேப்டன் கணக்கைப் பிற்கால வேல்ஸ் கேப்டன் இயுவான் எவன்ஸ் தாண்ட 1994 ஆனது. கொடுத்த வீட்டை அவர் வாங்கிக்கொண்டதில் எந்தத் தப்பும் இல்லை. என் கேள்வி வேல்ஸ் சங்கத்துக்கு. கூல்டுக்காக சர்வதேச வாரியத்தையே உதறிவிட்டு வரத் தெரிந்தவர்களுக்கு, செம்பு ஆலைக்காரனின் ஆறு ஷில்லிங்குக்காக அதைச் செய்ய ஏன் தோன்றவில்லை?