வெள்ளைச் சட்டைக்குப் பதிலா வேற என்ன கலர் போடலாம்?

போன வாரம் எங்க சிங்கப்பூர்க் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு சின்ன கலவரம். சின்னண்ணன் பொண்ணு பாலிடெக்னிக்ல டிசைன் படிக்கறா, கை சும்மா இருக்காது, ஐபேட்ல ஒரு கார்ட்டூன் போட்டு குரூப்புல விட்டுட்டா. படம் என்னன்னா, கல்யாண மண்டப வாசல்ல மேசை போட்டு மொய் எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி ஒருத்தர் உக்காந்திருக்காரு, வலது கையால அரசாங்கம் வீட்டுக்கு வீடு குடுக்கற சிடிசி வவுச்சர் கவர நீட்டறாரு, இடது கையால நோட்டுல "ஜிஎஸ்டி 9 பர்சென்ட்"னு வரவு எழுதறாரு, எதிர்ல அடுக்குமாடி புளோக்கு ஆண்டி ஒருத்தங்க ஒரு கையில கவர வாங்கிட்டே இன்னொரு கையால பர்ஸத் தொறந்துட்டு நிக்கறாங்க. அவ்ளோதான் படம். மொய் எழுதறவருக்கு மூஞ்சி கூட கிடையாது, வெறும் வட்டம். ஆனா வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், ஆளுங்கட்சி பிஏபிக்காரங்க போடற அதே உடுப்பு.

ரெண்டு நிமிஷம் ஆகல. பெரியண்ணன், முப்பது வருஷம் அரசாங்க வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, மெசேஜ் போட்டாரு: "இத உடனே டிலீட் பண்ணும்மா." அவ, "ஏன் பெரியப்பா?" "குரூப்புல யார் யாரோ இருக்காங்க." குரூப்புல மொத்தம் 23 பேரு, எல்லாம் சொந்தக்காரங்க, அதுல ஒருத்தங்க தஞ்சாவூர்ல இருக்கற எங்க பெரியம்மா, அவங்களுக்கு வாட்ஸ்அப்ல குட்மார்னிங் பூ அனுப்பறதத் தவிர வேற எதுவும் தெரியாது.

இதுல வேடிக்கை என்னன்னா அன்னிக்குக் காலைல பசியாற உக்காந்த நேரத்துல இதே பெரியண்ணன்தான் தமிழ்நாட்டு மந்திரிங்க நாலு பேரக் கழுதையா வரைஞ்ச ஒரு படத்த ஃபார்வர்ட் பண்ணி, கூடவே சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வர்ற மூஞ்சி பன்னெண்டு போட்டிருந்தாரு. மோடி, டிரம்ப், ஸ்டாலின், எடப்பாடி யாரையும் விட்டு வைக்க மாட்டாரு மனுஷன். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு சொல்வாங்களே, அந்த மாதிரி ஊரான் தலைவர்னா அள்ளி அள்ளி ஊத்துவோம், நம்ம வீட்டு நெய்னா மட்டும் ஸ்பூன்கூட வெளிய வராது.

அவரக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. நானும் அப்டித்தான். தேக்காவுல அப்பா வாங்கிட்டு வர்ற விகடன், குமுதம் கார்ட்டூனப் பாத்துத்தான் எனக்குத் தமிழே படிக்க வந்துச்சு, மெட்ராஸ்ல எந்த மந்திரிக்கு எவ்ளோ பெரிய மூக்குன்னு தெரியும், ஆனா அந்த வயசுல எங்க தொகுதி எம்பி மூக்கு எப்டி இருக்கும்னு கேட்டிருந்தா தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். சிரிக்கற வேலைய ஊருக்கே அவுட்சோர்ஸ் பண்ணிட்டோம்.

ஊர்ல மட்டும் என்ன சும்மாவா விட்டாங்கன்னு கேட்பீங்க. இல்லதான். 1987ல ஆனந்த விகடன் அட்டையில ஒரு ஜோக்கு, மேடையில இருக்கறவங்கள்ல யாரு எம்எல்ஏ யாரு மந்திரின்னு, ஒருத்தர் ஜேப்படிக்காரன் மாதிரி ஒருத்தர் கொள்ளைக்காரன் மாதிரின்னு போகும். சட்டசபை கூடி ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசம் ஜெயில்னு தீர்ப்பு போட்டுச்சு. ஊரே கத்துன கத்துல மூணே நாள்ல வெளிய விட்டாங்க, அப்புறம் கோர்ட்டு அவருக்கு ஆயிரம் ரூபா இழப்பீடு வேற கொடுக்கச் சொல்லுச்சு. 2017ல கார்ட்டூனிஸ்ட் பாலாவ கைது பண்ணாங்க, 2025 பிப்ரவரில டிரம்ப் முன்னாடி மோடி கைவிலங்கோட உக்காந்திருக்கற படத்துக்காக விகடன் வெப்சைட்டையே முடக்கினாங்க. அடி விழுது, ஆனா மறுநாள் இன்னொருத்தன் வரையறான். கூத்துல கட்டியங்காரன் ராஜா மூஞ்சிக்கு நேராவே நக்கல் அடிச்சுட்டுப் போற மண்ணு அது, பாரதியே நூறு வருஷத்துக்கு முன்னாடி 'இந்தியா' பத்திரிகையில வெள்ளைக்காரன கிண்டல் பண்ணி படம் போட்டவரு. அதே மண்ணுலேர்ந்து கப்பல் ஏறி வந்தவங்கதான் நாமளும். வர்ற வழியில கடல்ல எங்கயோ தவறிடுச்சு போல.

ஆனா சிங்கப்பூர்க்காரங்களுக்கே வரைய வராதுன்னு நினைச்சா அது தப்பு. மோர்கன் சுவான்னு ஒரு ஆளு. 1971ல சிங்கப்பூர் ஹெரால்ட் பத்திரிகைக்கும் அரசாங்கத்துக்கும் முட்டிக்கிட்ட நேரம், வெளிநாட்டுப் பணம்னு அரசாங்கம் சொல்லுது. இந்த மனுஷன் என்ன பண்ணாரு, லீ குவான் இயூ டாங்கு மேல உக்காந்து ஒரு கைக்குழந்தைய நசுக்க வர்ற மாதிரி வரைஞ்சாரு, குழந்தைதான் பத்திரிகை. அந்த மே மாசமே லைசென்ஸ் போச்சு. அவர் ஹாங்காங் போயி அங்க பெரிய பத்திரிகையில தலைமை ஓவியரா உக்காந்துட்டாரு. பின்னாடி பல வருஷம் கழிச்சு லீ குவான் இயூவ வச்சு அவர் போட்ட படங்க தொகுப்பாவே இங்க புத்தகக் கடைக்கு வந்துச்சு, அது வேற கதை. காலம் போச்சுன்னா கார்ட்டூன் கூட ஆன்டிக் ஆயிடும், யாருக்கும் கடிக்காது.

குரூப்புக்கு வர்றேன். பொண்ணு பயந்தவ இல்ல ஆனா மரியாதை தெரிஞ்சவ, டிலீட் பண்ணிட்டு அரை மணி நேரத்துல மறுபடி அனுப்பிச்சா. அதே படம், வெள்ளைச் சட்டைக்குப் பதிலா வெளிர் நீலம். "இப்ப ஓகேவா பெரியப்பா?" அவர் உடனே: "ஐயோ, இது எதிர்க்கட்சி கலரு, பாட்டாளிக் கட்சி!" சரின்னு சிவப்பாக்குனா. எங்க அத்தை: "சிவப்புலயும் கட்சி இருக்குல்ல?" ஆரஞ்சு? அதுக்கும் ஒரு கட்சி இருக்கு. நான் சோபாவுல படுத்துக்கிட்டு இதெல்லாம் பாத்து சிரிச்சுக்கிட்டே இருந்தேன், ஒரு வார்த்தை டைப் பண்ணல. அத ஞாபகம் வச்சுக்குங்க, கடைசில வருவேன்.

பெரியண்ணன் பயத்துக்குக் காரணம் இல்லாம இல்ல. 2013ல லெஸ்லி சியூன்னு ஒருத்தர், முகநூல்ல காமிக்ஸ் போட்டுக்கிட்டிருந்தாரு, இது ஒரு கற்பனை நாடுன்னு மேலயே எழுதி வச்சிருந்தாரு. ஏப்ரல்ல தேசநிந்தனைன்னு கைது. ஜூலையில அது மாறி நீதித்துறைய அவமதிச்சதா வழக்கு, ஆகஸ்ட்ல அவர் மன்னிப்பு கேட்டாரு, வழக்க விட்டாங்க. நாலு மாசக் கதைதான். ஆனா எங்க அண்ணன் மாதிரி எத்தனை பேரு மண்டைக்குள்ள அது ஆணி அடிச்ச மாதிரி இருக்கு பாருங்க. அந்த தேசநிந்தனைச் சட்டத்தையே 2021ல நாடாளுமன்றம் ரத்து பண்ண ஓட்டு போட்டுடுச்சுன்னு அவருக்குச் சொன்னேன். "சட்டம் போயிடுச்சு, வேற சட்டம் இல்லாமலா இருக்கும்"னாரு. அதுவும் சரிதான். பொஃப்மான்னு பொய்த் தகவலத் தடுக்கற சட்டம் கொண்டு வந்தப்ப கேலி, நையாண்டிக்கெல்லாம் இது பொருந்தாதுன்னு அமைச்சருங்களே சொன்னாங்க, ஆனா எது நையாண்டி எது பொய்த் தகவல்னு மொதல்ல முடிவு பண்றது யாருன்னு அண்ணன் திருப்பிக் கேட்டாரு, எனக்கு பதில் வரல.

காமிக்ஸ் வரையற சோனி லியூ கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சிங்கப்பூர் வரலாறையே ஒரு கார்ட்டூனிஸ்ட் கண்ணு வழியா சொல்ற கிராஃபிக் நாவல், 2015ல வெளிவர்ற நேரத்துல தேசிய கலை மன்றம் 8,000 வெள்ளி (டாலர்) மானியத்தத் திருப்பி எடுத்துக்கிச்சு, அரசாங்கத்தோட அதிகாரத்துக்குப் பங்கம் வரும்னு. அச்சடிச்ச புத்தகத்துல மன்றத்தோட லோகோ மேல ஸ்டிக்கர் ஒட்டித்தான் வித்தாங்க. விளைவு? பொட்டிக்கடைல சுடச்சுட வடை மாதிரி வித்துப் போச்சு. மறு வருஷம் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு, 2017ல அமெரிக்காவுல ஐஸ்னர் விருது, ஒண்ணு இல்ல மூணு. மன்றம் அவருக்கு வாழ்த்து சொன்னுச்சு, புத்தகத்தோட பேர மட்டும் சொல்லாம! பழைய காலத்துல நம்ம வீட்டுப் பொம்பளைங்க புருஷன் பேரச் சொல்லாம "அவரு"ன்னு சொல்ற மாதிரி.

2006 இன்னும் தமாஷ். தேர்தல் நேரத்துல மிஸ்டர் பிரவுன்னு ஒரு பிளாக்கர் பாக் சோர் மீங்கற நூடுல்ஸ வச்சு ஒரு ஆடியோ போட்டாரு, நூடுல்ஸ் கடைக்காரனும் வாடிக்கையாளரும் ஆர்டர் பத்தி வாக்குவாதம் பண்றாங்க, கேக்கற எல்லாருக்கும் அது எந்த அரசியல் வாக்குவாதம்னு புரியும். ஜூலை மாசம் விலைவாசி பத்தி எழுதினதுக்காக நாளிதழ்ல அவரோட பத்திய நிறுத்துனாங்க. ஆகஸ்ட்ல தேசிய தினப் பேரணியில பிரதமர் லீ சியன் லூங் இந்த இன்டர்நெட் நக்கலப் பத்திப் பேசறப்ப நானும் சளைச்சவன் இல்லேங்கற மாதிரி "மீ சியாம் மாய் ஹம்"னுட்டாரு. மீ சியாம்ங்கற நூடுல்ஸ்ல சிப்பி வேணாம்னு அர்த்தம். மீ சியாம்ல ஏதுங்க சிப்பி? நாடே சிரிச்சுச்சு, மிஸ்டர் பிரவுன் பாட்டே போட்டாரு, யாரையும் பிடிக்கல, யாருக்கும் ஒண்ணும் ஆகல, பிரதமரும் பிரதமராத்தான் இருந்தாரு. இன்னிக்கும் கோப்பிக் கடையில மீ சியாம் வாங்கறப்ப எனக்கு அது ஞாபகம் வரும், சொல்லப்போனா அவர் மேல கொஞ்சம் பிரியம் கூட வரும்.

இங்கிலீஷ்ல இவ்ளோ நடக்குது. இப்ப மீம் பேஜுங்க, கார் வாங்க ஏலத்துல எடுக்க வேண்டிய சிஓஇ உரிமத்தோட விலை ஏறுனா அன்னிக்குச் சாயந்தரமே படம் போட்டுடுது, 2023 அக்டோபர்ல பெரிய கார் சிஓஇ 150,001 வெள்ளி தொட்டப்ப அந்த ஒரு வெள்ளி எதுக்குன்னு நான் கூட ஒரு வாரம் யோசிச்சேன். ஆனா தமிழ்ல? சிங்கப்பூர் அரசியல சிங்கப்பூர்த் தமிழ்ல கேலி பண்ணி நான் பாத்த கார்ட்டூன எண்ண ஒரு கை விரல் போதும், அதுலயும் விரல் மிச்சம் இருக்கும். ஏன்?

எனக்குத் தோணறத சொல்றேன். நாம சின்ன நாட்டுக்குள்ள இன்னும் சின்ன கூட்டம். நம்ம ஆளுங்க நடத்தற எந்த நிகழ்ச்சியா இருக்கட்டும், பட்டிமன்றம், பொங்கல் விழா, கோயில் அன்னதானம், புத்தக வெளியீடு, சிறப்பு விருந்தினர் ஒரு எம்பி, இல்ல அமைச்சர். அவருக்குப் பொன்னாடை, மாலை, அவரோட செல்ஃபி, அவரும் தட்டுத்தடுமாறி "வணக்கம், எல்லாரும் சாப்டீங்களா" சொல்வாரு, நாம கைதட்டுவோம். அதோட செலவுல பாதி ஏதாவது ஒரு மானியத்துலேர்ந்து வந்திருக்கும். பொன்னாடை போத்துன கையால எப்டிங்க அவர் மூக்க நீளமா வரையறது? அதுக்கும் மேல, எம்பி தொகுதி மக்களப் பாத்துக் குறை கேக்கற மீட் த பீப்பிள் செஷனுக்கு மகனோட வீட்டு அப்பீல் லெட்டர தூக்கிக்கிட்டுப் போயி புளோக்கு கீழ பிளாஸ்டிக் நாற்காலில நம்பர் வாங்கி உக்காந்திருப்போம், உள்ள இருக்கறது அதே மூக்கு. டெல்லில இருக்கற ஆள வரையறது சுலபம், அவன் நம்ம லிஃப்ட்டுல ஏற மாட்டான். யாரும் வந்து கைய முறுக்கல, நாமளே முறுக்கிக்கிட்டோம். இது எனக்குக் கோவமா வருதா வெக்கமா வருதான்னு தெரியல, ரெண்டும்தான்.

அதே சமயம் கார்ட்டூன்னா எல்லாமே புனிதம்னும் நான் சொல்ல வரல. 2014ல மங்கள்யான் செவ்வாய்க்குப் போன அதே வாரம் நியூயார்க் டைம்ஸ்ல ஒரு படம் வந்துச்சே, தலைப்பாகை கட்டுன விவசாயி மாட்டப் பிடிச்சுக்கிட்டு விண்வெளி கிளப்பு கதவத் தட்டறான், உள்ள கோட்டு சூட்டு போட்டவங்க பேப்பர் படிக்கறாங்க. வரைஞ்சவரு நம்ம சிங்கப்பூர்க்காரரு, ஹெங் கிம் சோங். இந்தியால கொதிச்சாங்க, பத்திரிகை மன்னிப்பு கேட்டுச்சு. எனக்கும் அன்னிக்கு சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆபீஸ்ல ஒருத்தர் அதக் காட்டி சிரிச்சப்ப நான் சிரிக்கல. வரைஞ்சவரு கேலி பண்ணது கிளப்புக்குள்ள இருந்தவங்களத்தான்னு ஒரு வாதம் இருக்கு, இருக்கலாம், ஆனா பாக்கறவன் கண்ணுக்கு மாடுதான் மொதல்ல தெரியுது. மேல இருக்கறவன கிள்ளறதுக்கும் பக்கத்துல இருக்கறவன மிதிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல, அத வரையறவன் கைதான் தெரிஞ்சுக்கணும், ஆனா வரைஞ்சு பாத்தாத்தானே கைக்குத் தெரியும்.

கலர் தீந்து போனதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லல இல்ல? பொண்ணு யோசிச்சு சட்டையே வேணாம்னு கழட்டிட்டா. மொய் எழுதறவரு வெறும் மார்பு, வேட்டி, தோள்ல துண்டு. கல்யாண வீட்டுக்கும் பொருத்தமா இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் அமைதி. அப்புறம் பெரியண்ணன்: "இது நம்ம ஆளுங்களக் கேவலப்படுத்தற மாதிரி இருக்கும்மா."

அன்னிக்கு ராத்திரி அவ எனக்குத் தனியா போன் பண்ணா. "சித்தப்பா, எல்லாரும் ஏதோ ஒண்ணு சொன்னாங்க, நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல? படம் நல்லா இல்லையா?" நல்லாருந்துச்சுன்னேன். "அப்ப ஒரு தம்ஸ்அப்பாவது போட்டிருக்கலாம்ல?" போட்டிருக்கலாம். கட்டை விரல் அது மேல போயி நின்னுச்சு, அழுத்தல. ஏன்னு நிஜமாவே தெரியல, எனக்கு அரசாங்க வேலையும் இல்ல, எந்தச் சங்கத்துலயும் பதவி இல்ல, மகனுக்கு வீடும் கிடைச்சாச்சு.

அதான் இவ்ளோ நீளமா எழுதிக்கிட்டு இருக்கேன். படத்தையும் இதோட சேத்துப் போடறேன்மான்னு அவகிட்ட இன்னிக்குக் கேட்டேன், "தாராளமா போடுங்க சித்தப்பா, எந்த வெர்ஷன், வெள்ளையா வேட்டியா?"ன்னு கேட்டா. ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் பதில் அனுப்பல. இந்தப் பதிவு ஃபிரெண்ட்ஸ் ஒன்லியா பப்ளிக்கான்னும் இன்னும் செட்டிங் மாத்தல.