என்சிஐஎக்ஸ் விட்டுப்போன சேர்வர்கள்

கனடாவில் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு பாகம் பாகமாக வாங்கிச் சொந்தமாகக் கொம்பியூட்டர் பூட்டிய யாரையும் கேட்டுப் பாருங்கள், என்சிஐஎக்ஸ் (NCIX) என்ற கொம்பியூட்டர் கடையின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்தக் கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் பலர் பழைய மலிவு விற்பனைகளை நினைத்து உருகுகிறார்கள். எனக்கும் அந்தப் பாசம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடை போன பிறகு நடந்ததைப் பற்றி எங்கள் ஆட்கள் கதைப்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய விசயம்.

1996இல் ஸ்டீவ் வூ தொடங்கிய நிறுவனம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் றிச்மண்ட்தான் தலைமையிடம். வாராவாரம் மலிவு விற்பனை போடுவார்கள். வேறு கனடியக் கடையில் அதே மதர்போர்ட் குறைந்த விலைக்கு இருந்தால் அந்த விலைக்கே தருவார்கள். இன்று உலகம் முழுக்கப் பார்க்கிற லைனஸ் செபாஸ்டியன் அங்கே வேலை செய்தவர்தான். கடைப் பொருட்களைக் காட்டுவதற்காக கமராவுக்கு முன்னால் நின்றார், 2008இல் 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூரியூப் சனலும் அந்த வேலையின் பகுதியாகவே பிறந்தது. 2013இல் அவர் தனியாகப் போய்விட்டார். ஒரு கடை தன் வாடிக்கையாளருக்குப் பொருளோடு அறிவையும் சேர்த்துக் கொடுத்த காலம் அது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வீழ்ச்சிக்குக் காரணம் சொல்வது கஷ்டமில்லை. 2008இல் இணையத்தில் கொம்பியூட்டர் பாகங்கள் விற்கும் அமெரிக்கக் கடையான நியூஎக் கனடாவுக்குள் வந்தது, அமேசன் வளர்ந்தது. 2014க்குப் பிறகு கனடிய டொலர் சரிய, அமெரிக்க டொலரில் விலை வைக்கப்படும் பாகங்கள் எல்லாம் இங்கே ஏறின. இந்த நேரத்தில் பல ஊர்களில் கடை வைத்து வாடகையும் சம்பளமும் கட்டுவது லேசான காரியமா? 2017இல் ஒன்ராறியோக் கடைகளை மூடினார்கள். அந்த வருடம் டிசம்பர் முதலாம் திகதி வங்குரோத்து.

கடை மூடுவது வியாபாரத்தில் நடக்கிறதுதான். அடுத்த வருடம் வந்த செய்திதான் வயிற்றைக் கலக்கியது. 2018 செப்டெம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் எழுதினார்: என்சிஐஎக்ஸின் தரவுத்தளச் சேர்வர்கள், அதாவது கடையின் விபரங்களைச் சேமித்து வைத்திருந்த கொம்பியூட்டர்கள், கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணைய விளம்பரத் தளத்தில் 1,500 டொலருக்கு விளம்பரமாகியிருந்தன. கட்டாத வாடகைக்காகக் கிடங்கில் நின்றுபோனவை என்று விற்க வந்தவர் சொல்லியிருக்கிறார். ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது டிஸ்குகள் குறியாக்கம் (மற்றவர் வாசிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யப்படாமல் அப்படியே இருந்தன. வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், மறைக்கப்படாத கடனட்டை இலக்கங்கள், சுலபமாக உடைக்கக்கூடிய பழைய எம்டி5 முறையில் கடவுச்சொற்கள். எல்லாம் உள்ளே. பொலிஸ் விசாரணை தொடங்கியது, கூட்டு வழக்கும் போடப்பட்டது.

எனக்கு ஆகக் கூடுதலாக நோகிறது ஊழியர்களின் விசயம். சம்பளப் பதிவுகளும், வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் சமூகக் காப்புறுதி இலக்கங்களும் (SIN) அந்த டிஸ்குகளில் இருந்தன. கடனட்டையை ஒரு தொலைபேசி அழைப்பில் மாற்றலாம். சமூகக் காப்புறுதி இலக்கம் அப்படியில்லை, கிட்டத்தட்ட ஆயுளுக்கும் கூடவே வரும். இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய எங்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தந்த புத்தி, "இந்த இலக்கத்தை ஒருத்தருக்கும் காட்டாதே" என்பதுதானே. வேலை கொடுத்தவருக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். அவர் வங்குரோத்தானால் அந்த நம்பிக்கையை யார் காப்பாற்றுவது?

"கடன் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவே காசில்லை, டிஸ்கை அழிக்க எங்கே போவது" என்று சிலர் சொல்கிறார்கள். ஏற்கமாட்டேன். டிஸ்கைத் துளைத்து நொறுக்கப் பெரிய செலவில்லை. வரிக்காகக் கணக்குகளை 6 வருடம் வைத்திருக்க வேண்டும், உண்மை. வாடிக்கையாளரின் முழுக் கடனட்டை இலக்கம் அந்தக் கணக்கில் எங்கே வருகிறது? வைத்திருந்ததே பிழை. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்ட விதி 2018 நவம்பர் முதலாம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது, இந்தச் செய்தி வெளியாகி ஒன்றரை மாதமும் ஆகவில்லை. அதுவும் அறிவிக்கச் சொல்லும் சட்டம். அறிவிக்க வேண்டிய நிறுவனமே இல்லாமல் போனால்?

நான் கேட்பது இதுதான். வங்குரோத்து மனு போட்ட அன்றே, மேசை கதிரைக்கு விலை மதிப்பதற்கு முன்பு, தனியாள் தகவல் எந்தெந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று பட்டியல் கொடுக்க வேண்டும். சட்டத்துக்குத் தேவையானதைக் குறியாக்கம் செய்து வங்குரோத்தைக் கவனிக்கும் பொறுப்பாளர் எடுத்துவிட்டு மிச்சத்தை அழித்து, அழித்த சான்றை நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். அந்தச் செலவு கடன் கொடுத்தவர்களின் பங்குக்கு முன்னால் கழிய வேண்டும். கட்டடச் சொந்தக்காரர் வாடகைக்காக எதைப் பிடித்து வைத்தாலும் டிஸ்கில் கைவைக்க உரிமை இருக்கக் கூடாது.

ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் கடை நடத்துகிறார்கள். வாடிக்கையாளர் விபரம், ஊழியர் சம்பளம் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் ஒரு பழைய கொம்பியூட்டரில் இருக்கும். கடையைக் கைமாற்றும்போது சாமானோடு சாமானாக அதையும் கொடுத்துவிடாதீர்கள். டிஸ்கை முதலில் கழற்றுங்கள். தெரியாவிட்டால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், வந்து கழற்றித் தருகிறேன்.