தண்ணீர் குடிக்கப் பயப்படும் பிள்ளைகளுக்கு ஆரோக்கிய விழா எதற்கு?

வியாழக்கிழமை நம் கோத்தகிரியில் ஒரு பள்ளியின் ஆரோக்கிய விழாவில் மாணவி ஒருத்தி மயங்கி விழுந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதி முடித்துவிட்டீர்கள். நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், படித்தவர், நாலு பேர் மதிக்கிற மனிதர், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பே கிடையாது. கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னால் சுருண்டு விழுகிறார்கள். எல்லாம் செல்போன் படுத்தும் பாடு" என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல். அப்புறம் எப்படிச் சும்மா இருப்பது?

முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளை விழுகிற வீடியோ உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். அவள் திங்கட்கிழமை அதே பள்ளிக்கூடத்துக்குள் நடந்து போக வேண்டியவள். எந்தப் பள்ளி என்று நானும் எழுதப் போவதில்லை. கோத்தகிரிக்காரர்களுக்குத் தெரியும், அது போதும்.

அது "கொஞ்ச நேரம்" இல்லை. ஆரோக்கிய விழிப்புணர்வு நாள் என்று பேனர் கட்டி, காலை வழிபாட்டுக்கு வந்து நின்ற பிள்ளைகளை அப்படியே மைதானத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். விருந்தினர் வர நேரமாகிவிட்டது. மேகம் இறங்கி, முன்வரிசையில் நிற்பவர்கூடச் சரியாகத் தெரியாத காலை. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு அட்டை. "கை கழுவுவோம்", "காய்கறி உண்போம்", "நிறையத் தண்ணீர் குடிப்போம்". விருந்தினர் கார் வந்து நிற்கும் வரைக்கும் உட்காரக்கூடாது என்று உத்தரவு.

அசையாமல் நின்றுகொண்டே இருந்தால் ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், ஆள் மயங்கி விழுவார். அணிவகுப்பில் நிற்கிற ராணுவ வீரர்களே விழுவதுண்டு. உடம்பில் நீர்ச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் விழுவார்கள். செல்போனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படி விழுந்தவரைத் தரையிலேயே படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் சீக்கிரமே தெளிந்துவிடும். வீடியோவில் என்ன செய்தார்கள்? இரண்டு பேர் தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்து, நினைவு சரியாகத் திரும்பாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மூச்சுக்குழாய்க்குள் போனால் என்ன ஆகியிருக்கும்? ஆரோக்கியத்துக்காக ஒரு நாள் கொண்டாடுகிற இடத்தில் முதலுதவி தெரிந்த ஒருவர்கூட இல்லை.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மா கடைக்கு வந்தார். அவர் சொன்னதை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "காலைல வீட்டை விட்டுக் கிளம்பினதுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலயாம் அக்கா. குடிச்சா பாத்ரூம் வருமாம். அங்க போக முடியாதாம். தினமும் அப்படித்தானாம். எனக்கே இப்பத்தான் தெரியுது."

இதுதான் விஷயம். பேனர் இல்லை, அட்டை இல்லை, செல்போன் இல்லை. கழிப்பறை. தாழ்ப்பாள் போடக்கூடிய கதவும், உள்ளே தண்ணீரும் இருக்கிற கழிப்பறை. அது இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் ஆரோக்கியத்தைப் பற்றி மைக் பிடித்துப் பேச யாருக்கும் உரிமை கிடையாது.

கடையில் நிற்பதால் எனக்குத் தெரியும். "பிள்ளைக்கு ஒண்ணுக்குப் போனா எரியுதாம், அடிவயிறு வலிக்குதாம், ஏதாவது மாத்திரை குடுங்க" என்று படுகர் கிராமங்களான ஹட்டிகளிலிருந்தும் எஸ்டேட்டிலிருந்தும் அம்மாக்கள் வருகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். கேட்டுப் பார்த்தால் அநேகமாக ஆறாம் வகுப்புக்கு மேலே படிக்கிற பெண்பிள்ளை. கோடை விடுமுறையில் இந்தக் கேள்வி எங்கள் கடையில் அபூர்வம். பள்ளி திறந்ததும் மறுபடி வரும். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் கிருமி தங்கும். பெண்பிள்ளைகளுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு, கிருமி சுலபமாக மேலே ஏறும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும். மலச்சிக்கல் தனி. மதியத்துக்கு மேல் வருகிற தலைவலி தனி. அந்தத் தலைவலிக்கும் என்னிடம்தான் மாத்திரை கேட்கிறார்கள்.

இதில் மலைக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடம்பு தண்ணீரை இழந்துகொண்டேதான் இருக்கும். காய்ந்த குளிர் காற்றில் மூச்சு வழியாகப் போகும், குளிருக்குச் சிறுநீரும் அதிகம் பிரியும். மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்துப் பிள்ளை வெயிலில் தானாகவே தண்ணீர் கேட்கும். நம் பிள்ளை கேட்காது. கேட்காத பிள்ளைக்குக் குடிக்கவும் பயம் என்றால் சாயங்காலம் வரைக்கும் அந்த உடம்பு என்ன பாடுபடும்? வாட்டர் பெல் என்று மணி அடித்து நினைவுபடுத்துவது நல்ல யோசனை, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மார்கழி மாதம் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிற ஊரில் அந்தத் தண்ணீரை எந்தப் பிள்ளை குடிக்கும்? வெந்நீர் வேண்டும். குடித்தபிறகு போக ஓர் இடமும் வேண்டும்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். வேறு பள்ளிக்கூடம். காலையில் ஸ்டீல் பாட்டிலில் சீரக வெந்நீர் ஊற்றிக் கொடுத்து அனுப்புவேன். சாயங்காலம் பையைத் தூக்கும்போதே கனம் தெரியும், பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அந்தக் கழிப்பறையை நானே போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. கதவில் சணல் கயிறு கட்டியிருந்தது. உள்ளே போகிற பிள்ளை அந்தக் கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், வெளியே தோழி ஒருத்தி காவல் நிற்க வேண்டும். குழாய் உள்ளே இல்லை, வெளியே. பெயின்ட் வாளி ஒன்று, பிடி உடைந்த மக் ஒன்று. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மக். மாதவிடாய் நாளில் அந்தப் பிள்ளை எந்தக் கையால் என்ன செய்யும்? யாராவது சொல்லுங்கள்.

அரசு நாப்கின் கொடுக்கிறது. நல்ல திட்டம். மாற்ற இடம் எங்கே? வாரத்துக்கு ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதுவும் நல்ல திட்டம், நிறுத்தவே கூடாது. சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டிய மாத்திரை. நம் பிள்ளைகள் ஒரு மடக்குத் தண்ணீரில் முழுங்கிவிட்டு வயிற்றைப் பிரட்டுகிறது என்று அடுத்த வாரம் ஜன்னல் வழியாக வீசுகிறார்கள். போதாததற்கு நாம் காலையில் கொடுத்து அனுப்புவது டீயும் வர்க்கி பிஸ்கட்டும். டீயில் இருக்கிற டானின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேயிலை விளைகிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். இன்னொன்று, உயரமான இடத்தில் வாழ்கிறவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். பக்கத்து ஊட்டி 7,000 அடிக்கு மேலே இருக்கிறது, நம் ஊரும் உயரம்தான். சமவெளியில் 12 என்று வந்தால் சரி, இங்கே அதே 12 வந்தால் நிம்மதியாக இருக்க முடியாது. இதையெல்லாம் அந்த மேடையில் யாராவது பேசினார்களா? பேசவில்லை. யோகாவைப் பற்றிப் பேசினார்கள்.

யோகா வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கழிப்பறை கட்டிய பிறகு.

"அரசைக் குறை சொல்கிறீர்கள்" என்று ஒருவர் வருவார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது இதே பக்கத்தில் பாராட்டி எழுதியவள் நான். கொழுந்து பறிக்கப் போகிற அம்மா விடிந்ததும் ஓட வேண்டும், அடுப்பு பற்றவைக்க நேரம் இருக்காது. அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை பள்ளியில் சூடாகப் பொங்கலும் கிச்சடியும் சாப்பிடுவதைப் பார்த்து மனம் நிறைந்திருக்கிறேன். அது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகிறதே என்பதுதான் என் ஆதங்கம். வியாழக்கிழமை விழுந்த பிள்ளை ஒன்பதாவது.

"ஆசிரியர்கள் என்ன செய்வார்கள், அவர்களா கழுவுவார்கள்?" நியாயமான கேள்வி. பல பள்ளிகளில் முழுநேரத் தூய்மைப் பணியாளர் கிடையாது. இருக்கிறவருக்கும் கொடுக்கிற காசு ஒரு வாரச் சந்தைச் செலவுக்குக் காணாது. சொந்தக் காசில் பினாயில் வாங்கி வைக்கிற ஆசிரியைகளை எனக்குத் தெரியும், எங்கள் கடையில்தான் வாங்குகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேனருக்கும், சால்வைக்கும், மேடைக்கும் பணம் கிடைக்கிறபோது ஒரு தாழ்ப்பாளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன். தாழ்ப்பாள் என்ன விலை? ஹார்டுவேர் கடையில் போய்க் கேளுங்கள்.

"கோடையில் ஊருக்கே தண்ணீர் இல்லை." இல்லைதான். அதற்காகத்தான் மழைநீர்த் தொட்டி. ஜூன் முதல் டிசம்பர் வரை வானம் கொட்டுகிற ஊரில் பள்ளிக்கூடக் கூரைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.

அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நாங்கள் எல்லாம் கழிப்பறையே இல்லாமல் படிக்கவில்லையா?" என்கிற கூட்டம். உங்களுக்குத்தான் நான் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் படித்தீர்கள். என் அக்கா படிக்கவில்லை. எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேயிலைக்காட்டுப் பாதையில் என் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனவள். என்னைவிட நன்றாகப் படித்தவள். கணக்கில் வாத்தியாருக்கே சந்தேகம் தீர்ப்பாள் என்று சொல்வார்கள். வயசுக்கு வந்தபிறகு மாதத்தில் சில நாள் வீட்டில் நின்றாள். பள்ளியின் பின்னால் இருந்த புதர்தான் கழிப்பறை, அங்கே போகவும் வரவும் பையன்கள் பார்ப்பார்கள். ஒருநாள் பாவாடையில் கறை. அதை யாரோ பார்த்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவள் பள்ளிக்கே போகவில்லை. அம்மா அடித்தும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கொஞ்ச நாளில் அவள் பெயரும் எஸ்டேட் வேலையாட்கள் பதிவேடான மஸ்டரில் ஏறியது. இன்றைக்கும் கூடை தூக்குகிறாள், முழங்கால் தேய்ந்துபோய் என்னிடம்தான் வலி மருந்துக்கு வருகிறாள். "நாங்கள் படிக்கவில்லையா" என்று கேட்கிற ஐயா, அந்தக் காலத்தில் படிக்க முடியாமல் போனவர்கள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படித்ததாக உங்களுக்குத் தெரிகிறது.

"இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா, பெண்பிள்ளைகள் விஷயம்" என்று உள்பெட்டியில் அறிவுரை சொன்னவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். எழுதலாம். எழுதுவேன். மயங்கி விழுந்த பிள்ளையைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியபோது வராத கூச்சம் இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

இது சலுகை கேட்பதும் இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர் என்று இருக்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் செய்து முடியுங்கள் என்று உத்தரவிட்டது. அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் இப்போது உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். நம் நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தடை செய்துவிட்டு, வருகிற சுற்றுலாப் பயணி தாகத்தோடு போகக்கூடாது என்று சாலையோரம் தண்ணீர் ஏடிஎம் வைத்தோம். வைத்ததில் தப்பில்லை, காட்டுக்கும் அது நல்லது. இரண்டு நாள் தங்கிப் போகிறவருக்காகத் தோன்றியது, பன்னிரண்டு வருஷம் இங்கேயே படிக்கிற பிள்ளைக்காக ஏன் யாருக்கும் தோன்றவில்லை? எனக்கு வலிப்பது அதுதான்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்பதும் அதே சட்டம்தான். நம்மில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறோம். என் மகள் பள்ளியில் அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். எல்லாக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள், உள்ளே குழாய், மூடி போட்ட குப்பைக்கூடை, இடைவேளையில் வெந்நீர், எல்லா ஆசிரியர்களுக்கும் முதலுதவிப் பயிற்சி. இதைத் தீர்மானமாக எழுதி, பதிவேட்டில் ஏற்றி, நகல் வாங்கிக்கொண்டுதான் வருவேன். தாழ்ப்பாளை நானே வாங்கிக்கொண்டு போகிறேன், மாட்டுவதற்கு ஒரு தச்சர் வேண்டும். கட்டபெட்டு, அரவேனு பக்கம் இருந்து யாராவது வர முடிந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள். கூலி கொடுத்துவிடுகிறேன்.